ஒரு திரி நேரம்

விடமுண்டார் மடத்துப் படியில் செருப்புக் காலோடு யாரும் ஏறுவது கிடையாது. அன்று சிகாமணி டாக்டர் ஷூவோடு ஏறினார்.

பூசாரி அர்த்தநாரி பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"டாக்டரய்யா, கால்ல..."

"தெரியும். தள்ளுங்க."

எத்தனையோ வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படிக்குக் கீழே ஷூவைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள்ளேயே திணித்துவிட்டு, சத்தமில்லாமல் ஏறி வந்த மனிதர் அவர். முழுப்பெயர் தெய்வசிகாமணி. அந்த மலையடிவாரத்தில் இருந்த சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரே டாக்டர். அவர் குரலை உயர்த்திப் பேசி ஊரில் எவரும் கேட்டதில்லை. சாதுவான மனிதருக்குக் கோபம் வந்தால் கஷ்டம் என்னவென்றால், அவருக்கு அதில் பழக்கம் இருக்காது. எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் அது அவரை இழுத்துக்கொண்டு போகும்.

மடத்தின் தலைவி பூரணியம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டாக்டரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். மடத்துக்கு வருமுன் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். வாய் கொஞ்சம் காரம். சீடர்களிடம் தேன் ஒழுகப் பேசுகிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. அந்தக் காரம் பிடித்துப்போய்த்தான் டாக்டர் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

"உட்காருங்க," என்றார் பூரணியம்மா.

"உட்கார வரல."

"அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க."

"சென்னம்மா செத்து இன்னியோட ஒரு வாரம்."

"தெரியும்."

"இந்த ஒரு வாரமும் சமாதியில திரி எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நேத்துகூட ஒருத்தன் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு வந்து படுத்திருக்கான்."

"அவரு பொழைச்சுட்டாருங்க," என்றார் அர்த்தநாரி, வாசலில் நின்றபடி.

"அவனைக் கடிச்சது சாரைப்பாம்புய்யா! சாரை கடிச்சு எவன் செத்தான்? திரி இல்லாட்டியும் பொழைப்பான், தெருவுல படுத்தாலும் பொழைப்பான். பொழைச்சவன் வந்து தேங்காய் உடைக்கிறான். செத்தவன் வந்து உங்க சட்டையைப் பிடிக்கிறதில்ல. அந்தத் தைரியம்தான் உங்களுக்கு."

பூரணியம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

விடமுண்டார் எந்தக் காலத்தவரென்று யாருக்கும் தெரியாது. பாம்பு கடித்தவர்களின் காயத்தில் வாய்வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புவாராம். ஒருநாள் துப்ப மறந்து விழுங்கிவிட்டாராம். அவரைப் புதைத்த இடத்தில் சமாதி எழும்பியது. சமாதி எழும்பினால் கூடவே ஒரு வழக்கமும் எழும்பிவிடும் அல்லவா? கடிபட்டவரைச் சமாதியின் தலைமாட்டில் கிடத்துவார்கள். முழ நீளத்தில் ஒரு திரியை எண்ணெயில் ஊறவைத்து ஏற்றுவார்கள். அது எரிந்து முடியும்வரை கடிபட்டவர் வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டினால் இறங்கிய விஷம் மறுபடி தலைக்கு ஏறிவிடும். இதற்கு ஊரில் ஒரு திரி நேரம் என்று பெயர்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கடலைக்காட்டில் சென்னம்மாளை நல்லபாம்பு கடித்தது. புருஷன் மாதையனும் அவர் தம்பியும் அவளை மொபட்டில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து சமாதியில் கிடத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் இமைகள் சரிய ஆரம்பித்தன. தூக்கிப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. நல்லபாம்பு விஷம் முதலில் இமையைத்தான் பிடிக்கும். அடுத்தது நாக்கு, அதற்கடுத்தது மூச்சு. இது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே நின்றவர்களுக்குத் தெரிந்தது வேறு. "சாமி தூக்கம் குடுக்கிறாரு, இனி பயமில்லை" என்று அர்த்தநாரி அவள் நெற்றியில் விபூதியைப் பூசினார். கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இதையெல்லாம்விட வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. அந்த நேரம் முழுக்கச் சிகாமணி டாக்டர் அதே மடத்தில்தான் இருந்தார். சமாதிக்குப் பின்னால், ஒரு சுவர் தாண்டி, மௌன அறையில், பூரணியம்மாவுக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். போன் படிக்குக் கீழே ஷூவுக்குள் கிடந்தது. மௌன நேரத்தில் அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது என்பது மடத்தின் சட்டம். அவர் வெளியே வந்தபோது திரியில் விரற்கடை மிச்சமிருந்தது. சென்னம்மாளுக்கு மூச்சு அவ்வளவுகூட இல்லை. அவளை வாரியெடுத்துக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் கார் நுழைந்தபோது அவள் கையில் நாடி இல்லை.

"ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வந்திருக்காங்கம்மா," என்றார் டாக்டர். "கடலைக்காட்டுல இருந்து இங்க வர்றதுக்கு வேற ரோடே கிடையாது. தாண்டித்தான் வந்திருக்காங்க. உள்ள ஃப்ரிட்ஜ் நிறைய மருந்து இருக்கு. மருந்தை விட்டுட்டு எண்ணெயைத் தேடி வந்திருக்காங்க!"

"ம்."

"என்ன ம்? நீங்க பிசிக்ஸ் படிச்சவங்க. பஞ்சு எரியறதுக்கும் ரத்தத்துல விஷம் ஏறுறதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க."

"ஒரு சம்பந்தமும் இல்ல."

"தெரிஞ்சேதான் விட்டு வெச்சிருக்கீங்க."

"தெரிஞ்சேதான்."

டாக்டர் மறுப்பை எதிர்பார்த்து வந்திருந்தார். பூரணியம்மா ஏதாவது தத்துவம் சொல்வார், அதை நார் நாராகக் கிழிக்கலாம் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

"ஏன்?"

"எனக்கு முன்னால இருந்தவர் விட்டிருந்தார். அவருக்கு முன்னால இருந்தவரும் விட்டிருந்தார். நான் வந்ததும் நிறுத்தியிருக்கணும். ஊரைப் பகைச்சுக்கப் பயமா இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். பெரிசா ஏதாவது சொல்லுவேன்னு வந்தீங்களா?"

"வெட்கமா இல்ல?"

"இருக்கு."

வாசலில் அர்த்தநாரி நெளிந்தார். அம்மாவை இப்படிக் கேட்ட ஆளும் கிடையாது, அம்மா இப்படிப் பதில் சொல்லி அவர் கேட்டதும் கிடையாது.

பூரணியம்மா ஒரு காம்பை உருவிப் போட்டார்.

"நான் ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க."

"நீங்க எதுக்கு இங்க வர்றீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? மனசு அடங்குறதுக்கு வர்றேன். நாள் பூரா நோயையும் அழுகையையும் பார்த்துட்டு, வாரத்துல ஒரு காலை. நான் ஒண்ணும் சமாதியைக் கும்பிட வரல. நான் வர்றது வேற, அவங்க வர்றது வேற."

"போகும்போது அர்த்தநாரிகிட்ட விபூதி வாங்கிப் பூசிக்கிறீங்களே."

"அவர் நீட்டுறார். மரியாதைக்குப் பூசிக்கிறேன்."

"மரியாதைக்கு."

"பேச்சை மாத்தாதீங்கம்மா. இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு தெரியணும். சமாதியைப் பூட்டுங்க. இல்லைன்னா நான் கலெக்டர் ஆபீசுக்குப் போவேன். பத்திரிகைக்காரங்களைக் கூட்டிட்டு வருவேன். இந்த மடத்தைச் சந்தி சிரிக்க வெச்சிருவேன். குருன்னுகூடப் பார்க்க மாட்டேன்."

பூரணியம்மா கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தார். உள்ளே போய்க் கனமான ஒரு பித்தளைப் பூட்டோடு திரும்பி வந்தார். சாவி அதிலேயே தொங்கியது.

"மடத்துல பூட்டு இது ஒண்ணுதான். எதைப் பூட்டணுமோ பூட்டிட்டு வாங்க."

"எதைன்னா? சமாதியைத்தான்."

"சரி. போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு உள்ள உட்கார்ந்திருந்தப்ப, வெளியில இருந்து உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா?"

டாக்டரின் காது மடல்கள் சிவந்தன.

"அதுவா இப்பக் கேள்வி?" என்றார். பூட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

சமாதிக்கு முன்னால் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்திருந்தார். மொட்டை அடித்த தலையில் முடி முள்முள்ளாக எட்டிப் பார்த்தது. அவர் கையில் ஒரு பழைய சர்பத் பாட்டில், அதில் பாதிக்கு நல்லெண்ணெய். எதிரே விரற்கடை நீளத்தில் கருகிய திரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

மாதையன்.

டாக்டருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. உலகத்தில் யார் இங்கே வந்தாலும் இந்த ஆள் வரக் கூடாது. இந்த ஆள் ஒரு கடப்பாரையோடு வந்திருந்தால் டாக்டரும் கூடச் சேர்ந்து இடித்திருப்பார்.

"மாதையன், நீங்க இங்க என்ன பண்றீங்க?"

மாதையன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"மிச்சத் திரி இருந்துச்சுங்க. அதை எரிச்சு முடிச்சிரணும்னு பூசாரி சொன்னாருங்க."

"எதுக்கு?"

"அரைகுறையா விட்டா செத்தவளுக்கு நல்லதில்லைங்களாம்."

"யாரு அரைகுறையா விட்டது?"

மாதையன் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க!"

"ஊருல பேசிக்கிறாங்க. நான் சொல்லலீங்க. திரி முடியறதுக்குள்ள டாக்டரு அவசரப்பட்டுத் தூக்கிட்டாரு, படி தாண்டுனதும் விஷம் ஏறிருச்சுன்னு. நான் அவங்ககிட்டச் சண்டைக்கே போனேனுங்க. டாக்டரய்யா நல்லதுக்குத்தான் செஞ்சாருன்னு சொன்னேன்."

டாக்டருக்குள் எதுவோ தெறித்துப்போயிற்று. அந்த ஆள் தன்னைக் குற்றம் சாட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன்னை மன்னித்துவிட்டு நிற்கிறாரே! குனிந்தார். எரிகிற திரியை வெறும் விரலால் நசுக்கி அணைத்து, பிய்த்து, வாசலுக்கு வெளியே வீசினார். விரல் சுட்டது. அதுவும் அந்தக் கோபத்துக்கு வேண்டியிருந்தது.

"ஐயோ," என்றார் மாதையன்.

"என்ன ஐயோ? யோவ், நான் அவசரப்பட்டேனா? நான் லேட்டுய்யா! அவ இங்க வந்தப்பவே ஊசி போட்டிருந்தா இன்னிக்கு உனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருப்பா. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி இங்க எதுக்குய்யா வந்தே? எவன் சொன்னான் உனக்கு? பெரிய கட்டடம் கண்ணுக்குத் தெரியலையா? சிவப்புல எழுதி வெச்சிருக்கே, அது தெரியலையா? ஏன்யா தாண்டி வந்தே?"

குரல் சமாதிக் கூரையில் மோதித் திரும்பியது. வந்த வேகத்தில் மரியாதை கழன்று விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. மாதையன் கவனித்தார், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தாண்டலீங்க," என்றார்.

"என்ன?"

"தாண்டலீங்க. நின்னோம்ங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம்ங்க."

டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"கேட்டுலயே வாட்ச்மேன் சொன்னாருங்க. டாக்டரு மடத்துல இருக்காரு, ஒம்பது மணிக்கு மேலதான் வருவாரு. நர்சம்மா தனியா விஷக்கடிக்கு ஊசி போட மாட்டாங்க, மடத்துக்கே போயிருங்கன்னாருங்க. அதான் உங்களைத் தேடி வந்தோம்."

"என்னைத் தேடியா?"

"ஆமாங்க. வந்து பார்த்தா உங்க காரு நின்னுச்சு. படியில ஷூ கெடந்துச்சு. அப்பாடான்னு ஆயிருச்சுங்க. 'டாக்டரு இங்கதான் இருக்காரு, பயப்படாதே'ன்னு அவகிட்டச் சொன்னேன். அவளும் ஷூவைப் பார்த்தா. தலையை ஆட்டுனா."

வாட்ச்மேன் இதை டாக்டரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்திருப்பான். டாக்டரும் கேட்கவில்லை. தாண்டித்தான் வந்திருப்பார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, அந்த முடிவை வைத்து ஒரு வாரமாகக் கொதித்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"பூசாரி வேண்டாம்னாருங்க. இருந்தாலும் நான் போனேன். கதவுகிட்ட வரைக்கும் போனேன். அப்புறம் தட்டலீங்க."

"ஏன்?"

"சென்னம்மா அப்ப வலி தாங்காமக் கத்துனாளுங்க. பெருங்கத்து. உங்களுக்குக் கேக்காம இருக்குமா? ஒரு செவுருதானே. கேட்டும் நீங்க வெளிய வரலைன்னா, உள்ள அவளுக்காகத்தான் சாமிகிட்டப் பேசிட்டு இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்களும் வாரா வாரம் வந்து விழுந்து கும்புடுறவரு. படிச்சவரு. மருந்து எப்ப, சாமி எப்பன்னு உங்களுக்குத் தெரியாததா? நடுவுல கலைச்சுட்டா காரியம் கெட்டுப்போகும்னு..."



"கெட்டுப்போகும்னு?"

"அவ வாயைப் பொத்துனேனுங்க. சத்தம் போடாதே புள்ளே, டாக்டரு உள்ள வேண்டிக்கிட்டு இருக்காருன்னு."

வெளியே ஒரு காகம் கரைந்தது. பூட்டு டாக்டரின் கையில் தொங்கியது. அதன் கனம் அப்போதுதான் தெரிந்தது.

அவருக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று இந்த ஒரு வாரமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, நன்றாகவே கேட்டது. முதலில் மொபட் சத்தம், அப்புறம் காலடிகள், அப்புறம் ஒரு பெண்ணின் அலறல். அவர் உடம்பு எழப் பார்த்தது. முப்பது வருஷமாக அலறலைக் கேட்டால் எழுந்து ஓடிப் பழகிய உடம்பு. அதை அவர் பிடித்து உட்காரவைத்தார். சத்தம் வரும், வந்தது போகும், அதன் பின்னால் ஓட வேண்டாம் என்று பூரணியம்மா கற்றுக்கொடுத்திருந்தார். டாக்டர் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அலறல் அடங்கியது. மனம் அடங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். கண்ணைத் திறந்ததும், "இன்னிக்கு நான் அசையவே இல்லம்மா," என்று பெருமையாகச் சொல்லவும் செய்தார். கதவைத் திறந்தது அதற்கப்புறம்தான்.

திரும்பி நடந்தார். மாதையனும் பின்னாலேயே வந்தார்.

கூடத்தில் பூரணியம்மா நின்றுகொண்டிருந்தார். கீரை அப்படியே கிடந்தது.

"கேட்டுச்சு," என்றார் டாக்டர்.

பூரணியம்மா அவர் கையில் தொங்கிய பூட்டைப் பார்த்தார்.

"எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்கு?"

"எனக்கும் கேட்டுச்சு."

"அப்ப நீங்க ஏன் எழுந்திரிக்கல?" டாக்டரின் குரல் மறுபடி ஏறியது. அது எங்காவது ஏறித்தான் தீர வேண்டும். "நீங்கதானே குரு? இது உங்க மடம், உங்க சட்டம், உங்க கதவு. ஏதாவது ஆபத்துன்னா அம்மா எழுந்திருப்பாங்க, அம்மாவே உட்கார்ந்திருக்காங்கன்னா ஒண்ணும் இருக்காதுன்னுதானே நான் உட்கார்ந்திருந்தேன்! உங்களை நம்பித்தானே உட்கார்ந்திருந்தேன்!"

"நான் கண்ணைத் திறந்தேன்," என்றார் பூரணியம்மா. "சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து உங்களைத்தான் பார்த்தேன். நீங்க அசையல. டாக்டருக்குத் தெரியாத அலறலா, ஆபத்துன்னா அவர் எழுந்திருக்க மாட்டாரான்னு மறுபடியும் கண்ணை மூடிக்கிட்டேன்."



மாதையன் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். அவர் மெதுவாகப் புரிந்துகொள்கிற ஆள் அல்ல. இதைப் புரிந்துகொள்ள விரும்பவில்லை, அதனால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

"கேட்டுச்சுங்களா?" என்றார் டாக்டரிடம்.

"கேட்டுச்சு."

"அவளுக்காக வேண்டிக்கிட்டு இருந்தீங்கதானே?"

டாக்டர் பூட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் மாதையனைப் பார்த்தார்.

"இல்ல."

"அப்புறம் என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன்."

மாதையன் கையிலிருந்த பாட்டிலை ஓங்கினார். எறியப்போகிறார் என்று அர்த்தநாரி முன்னால் பாய்ந்தார். டாக்டர் நகரவில்லை. விழட்டும் என்று நின்றார். விழவில்லை. மாதையன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். எண்ணெய் முழுக்கக் கூடத்துத் தரையில் கொட்டி, டாக்டரின் ஷூவைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"நான் அவ வாயைப் பொத்துனேனே," என்றார் மாதையன். "இந்தக் கையாலயே பொத்துனேனே."

படியிறங்கிப் போனார்.

பூரணியம்மா டாக்டரின் கையிலிருந்து பூட்டை வாங்கிக்கொண்டார். நேரே சமாதிக்குப் போனார். திரிக் கட்டையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் வெளியே எடுத்துக் குப்பைக் குழியில் கொட்டினார். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.

அர்த்தநாரி பின்னாலேயே ஓடி வந்தார்.

"அம்மா, சாமி குத்தம் ஆயிரும்."

"குத்தம் போன வாரமே ஆயிருச்சு. ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து மௌன அறைக் கதவைக் கழட்டுங்க."

"கழட்டி?"

"அடுப்புக்கு உடைச்சுப் போடுங்க."

"விஷக்கடின்னு யாராவது வந்தா நான் என்னம்மா சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இனிமே காலையில நான் கேட்டுல உட்கார்ந்திருப்பேன். வர்றவங்களை வண்டியிலிருந்து இறங்கவே விட மாட்டேன். கூட ஏறி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்."

டாக்டர் எண்ணெய்க்கு நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். கோபம் போய்விடவில்லை. எடுத்து வீச ஒரு ஆள் கிடைக்காமல் அது அவர் கையிலேயே இருந்தது. பூரணியம்மா திரும்பி வந்ததும் கேட்டார்.

"நான் என்ன செய்யணும்?"

"எதுக்கு?"

"இதுக்கெல்லாம் என்ன பரிகாரம்? இனி நான் இங்க வரலாமா, வேண்டாமா? கண்ணை மூடி உட்கார்ந்தா எனக்கு அந்தக் கத்துதான் கேக்கும். நீங்க எனக்குக் குருவா, இல்லையா? ஏதாவது சொல்லுங்கம்மா."

பூரணியம்மாவின் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் டாக்டர் அந்த முகத்தில் எரிச்சலைப் பார்த்திருக்கிறார், அலுப்பைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு ஆத்திரத்தைப் பார்த்ததில்லை.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"மணி என்ன?"

டாக்டர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டாகப் போகுது."

"ஆஸ்பத்திரியில இப்ப யாரு இருக்கா?"

டாக்டர் வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். அடுத்த கணம் வாசலுக்கு ஓடினார். தாவிப் படியிறங்கி, பழக்கத்தில் கீழே குனிந்து ஷூவைத் தேடினார். அங்கே இல்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"கால்லதான் இருக்கு!" என்று மேலிருந்து கத்தினார் பூரணியம்மா. "ஓடுங்க!"